பன்னிரண்டு கிலோ

வாகனப் பதிவு அலுவலகத்தின் பின்புறம், சுற்றுச்சுவரை ஒட்டி ஓர் எடை மேடை இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் பதினெட்டு வருடமாக நான். எல்லோரும் என்னை 'கிலோ' என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே என்றால் மரியாதைக்கு ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வார்கள்: கிலோ சார். மேலதிகாரி மட்டும், அதுவும் கோபமாக இருக்கும்போது மட்டும், என் சொந்தப் பெயரைச் சொல்வார்.

முன்பெல்லாம் லாரியும் வேனும்தான் மேடைக்கு வரும். இரண்டு வருடத்துக்கு முன் மின்சாரக் கார்களுக்கும் எடையைப் பார்த்துச் சாலை வரி என்று சட்டம் போட்டார்கள். அன்றிலிருந்து என் கூண்டுக்கு மவுசு கூடிவிட்டது. விஷயம் எளிது. பெட்ரோல் வண்டிக்காரர் போடுகிற ஒவ்வொரு லிட்டரிலும் சாலைக்கான வரியும் சேர்ந்தே போய்விடுகிறது. மின்சார வண்டிக்காரர் வீட்டுச் சுவரில் சொருகி ஏற்றிக்கொள்கிறார். சாலை என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு ஒரு கட்டணம். ஆயிரத்தைந்நூறு கிலோ வரை ஒரு தொகை, அதற்கு மேல் போனால் மூன்று மடங்கு. பேட்டரியை மாற்றி மாற்றிப் பொருத்துகிறார்கள், பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எடையை நம்ப முடியாது என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை மேடையில் ஏறியே ஆக வேண்டும்.

எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது. கனமானது சாலையைத் தேய்க்கிறது, தேய்ப்பது கட்டட்டும். இதில் யாருக்கு என்ன வலிக்கிறது என்று நினைத்தேன். வருகிறவர்களுக்கோ எல்லாமே வலித்தது. என் கூண்டுக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு உண்டு. மேடையில் ஏறுவதற்கு முன் காருக்குள் இருப்பதையெல்லாம் அதில் இறக்கி வைப்பார்கள். கால்மிதி, குடை, குழந்தை இருக்கை, தலையணை, செருப்பு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஒரு வக்கீல் கண்ணாடி துடைக்கும் துணியைக்கூட எடுத்து மடித்து வைத்தார். நானும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். ஒரு கிலோ கூடக் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், ஜன்னல் ஓட்டை வழியாக உறையை நீட்டியிருக்கிறார்கள். அசைந்ததில்லை. என் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு அறையைப் பெருக்க வேண்டும்? மனைவி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. "உங்களோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு. அதுக்கு நான் தனியாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். அவள் சொன்ன கணக்கு சரியாக இருந்ததால் நான் மறுத்துப் பேசவில்லை. பிள்ளைகள் இல்லை. தனிமை பழகிவிட்டதா என்று யாராவது கேட்டால் பழகிவிட்டது என்று சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் கழிந்துவிடும். திங்கட்கிழமை காலை முதல் வண்டியிடம் "முன்னாடி வாங்க" என்று சொல்லும்போது குரல் வராது. அதற்காகவே பேருந்தில் வரும்போது இரண்டு தடவை இருமிக்கொள்வேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மின்சாரக் கார் ஊர்ந்து ஊர்ந்து மேடையில் ஏறியது. பெஞ்சில் எதையும் இறக்கி வைக்கவில்லை, எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தது தெரிந்தது. ஓட்டி வந்த அம்மாள் இறங்கிப் பக்கத்தில் நின்றார். அறுபது அறுபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் தையல் நாடா மாலை மாதிரித் தொங்கியது, எடுக்க மறந்து வந்துவிட்டார் போல. பிறகுதான் தெரிந்தது, பள்ளிச் சீருடை தைப்பவர்.

"எவ்வளவு சார்?"

"ஆயிரத்து ஐந்நூத்திப் பன்னெண்டு."

"இன்னொரு தடவை பாருங்க சார். காலையிலேருந்து எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

"எதைக் காலி பண்ணீங்க?"

"பேட்டரியை. ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு. ஏசியை முழுசா வச்சுக்கிட்டு ஊரையே நாலு சுத்து சுத்தினேன். முன்னாடி எங்ககிட்ட துணி கொண்டு போற பெட்ரோல் வேன் இருந்தது. எடைக்குப் போற அன்னிக்கு டேங்கைக் காலி பண்ணிடுவோம். முப்பது கிலோ குறையும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்தோ தெரியாது, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "அம்மா, கரண்டுக்கு எடை கிடையாதும்மா. பேட்டரி நிறைஞ்சிருந்தாலும் காலியா இருந்தாலும் ஒரே கனம்தான்."

"அப்ப காலையிலேருந்து நான் ஓட்டினது?"

"ரோட்டைத் தேய்ச்சதுதான் மிச்சம்."

நகைச்சுவை என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த அம்மாள் முகம் வாடிப்போனதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வண்டியில் ஏறினார். வண்டி அசையவில்லை. மேடையின் மேலேயே அதற்கு மூச்சு நின்றுவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரனை அமுக்க ஆரம்பித்தார்கள். நான் கூண்டை விட்டு இறங்கி, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, மூன்று பேருமாகத் தள்ளி மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினோம். நான் டீக்கு வெந்நீர் வைக்கும் பிளக்கிலிருந்து ஒயரை இழுத்துக் காரில் சொருகினேன். அலுவலக மின்சாரத்தைத் தனியார் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஒட்டியவனே நான்தான்.

வீடு போய்ச் சேர்கிற அளவுக்கு ஏற இரண்டரை மணி நேரமாகும். கூண்டுக்குள் இருந்த இன்னொரு நாற்காலியின் மேல் கோப்புகள் அடுக்கியிருந்தன. அவற்றைத் தரையில் இறக்கிவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். வண்டிகள் வருவதும் போவதுமாக இருந்தன. நடுவில் பேசினோம்.

"பன்னெண்டு கிலோவுக்கு மூணு மடங்கா சார்?" என்றார். "நான் அரை அங்குலத்துக்குச் சண்டை போடற தொழில்ல இருக்கேன். அளவுன்னா அளவுதான், அது எனக்குப் புரியுது. ஆனா எங்க பக்கத்து வீட்டுக்காரர் வண்டி ஆயிரத்து நானூத்தித் தொண்ணூறு. வருஷத்துக்கு அம்பதாயிரம் கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டறார். நான் ஓட்டறது ஆறாயிரம். ரோட்டை யாரு சார் தேய்க்கிறாங்க?"

பதிலுக்குச் சட்டத்தின் ஏழாவது பிரிவை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். எவ்வளவு கனம்னு மட்டும் கேக்கறீங்க. எவ்வளவு தூரம்னு கேக்க மாட்டேங்கறீங்க. எங்க போறேன்னும் கேக்க மாட்டேங்கறீங்க."

"எங்க போறீங்க?"

கேட்டுவிட்டேன். பதினெட்டு வருடத்தில் மேடைக்கு வந்த யாரையும் நான் கேட்காத கேள்வி அது.

அவருடைய வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். பக்கவாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் இவர் போய்ப் பார்க்கிறார். பேருந்தில் போனால் இரண்டு வண்டி மாறி, இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். இவருடைய முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. மூன்று மடங்கு கட்டணம் கட்டுகிற நிலையில் இவர் இல்லை. கட்டாவிட்டால் வண்டி போய்விடும். வண்டி போனால் அவரைப் பார்ப்பதும் போய்விடும்.

"அவரு என்ன வேலை பார்த்தாரு?"

"ரோடு ரோலர் ஓட்டினார். முப்பது வருஷம். நீங்க இப்ப என் வண்டி தேய்க்குதுன்னு சொல்ற ரோட்டுல பாதி அவர் போட்டது."

எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது. பேச்சை மாற்ற, தொழிலுக்குள் புகுந்துகொண்டேன். பன்னிரண்டு கிலோ எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம் என்று காரைச் சுற்றி வந்தேன். முன் இருக்கையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வெளிப்பக்கமாகத் திரும்பி, கீழே இறங்கி நிற்கும் இருக்கை. கால் மடக்க முடியாதவர்கள் ஏறி உட்காருவதற்காக இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். சாதாரண இருக்கையைவிடப் பதினான்கு கிலோ கூட இருக்கும்.

"இதாம்மா விஷயம்! பழைய சீட்டு வீட்டுல இருக்கா? அதை மாட்டிக்கிட்டு வாங்க, முடிஞ்சது கதை."

அவர் தையல் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "மாட்டலாம். அவர் இதுல உக்காந்து எட்டு மாசமாச்சு. கடைசியா ஏத்தறப்ப ரெண்டு பேருமே விழுந்துட்டோம். அதுக்கப்புறம் எனக்குத் தனியா ஏத்தத் தைரியம் வரல. ஆனா பழைய சீட்டை மாட்டினா, இனிமே நீங்க வீட்டுக்கு வர வேணாம்னு நானே அவர்கிட்ட சொன்ன மாதிரி இல்லையா சார்?"

சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. உடல் இயலாதவருக்காகப் பொருத்திய சாதனத்தின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் அந்த வண்டியில் பயணம் செய்கிறார் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். அல்லது அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பதை நேரில் பார்த்தேன் என்று எடை போடுகிறவர் எழுத வேண்டும். ஏழு நாள் அவகாசம். அதைச் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட கேக்க மாட்டேன்" என்றார் உடனே. "கேட்டா இனிமே முடியாதுன்னு எழுதிடுவார். எழுதிட்டா அது எழுதினதுதான்."

"அப்ப நான் எழுதறேன்."

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தனை வருடக் கறாரும் ஒரு நிமிடத்தில் காற்றில் போய்விட்டது. விலக்குப் படிவத்தை இழுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன்.

அவர் கையை நீட்டிப் படிவத்தை மூடினார். "பாக்காம எழுதாதீங்க சார். ஏற்கெனவே அவரை யாரும் வந்து பாக்கறதில்ல. கூட வேலை செஞ்சவங்க இல்ல, சொந்தக்காரங்க இல்ல. நீங்க காகிதத்துல வேற பாத்துட்டா எப்படி? நேர்ல வாங்க. வந்து பாத்துட்டு, உங்க மனசுக்கு எது சரியோ அதை எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. போகும்போது, "லீவு நாள்ல வரச் சொல்றேன். வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

யாரும் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கிலோவில் பொய் சொல்லாதவன் அதில் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழைத்துப் போகிறேன் என்றவரிடம் அலுவலக வாசலுக்கே வரச் சொன்னதும் அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, படிவத்தையும் முத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்து நின்றதும் அவர் இறங்கிச் சுற்றி வந்து, பழக்க தோஷத்தில், கைப்பிடியை இழுத்து இருக்கையை வெளியே திருப்பிவிட்டார். அது மெதுவாகத் திரும்பி என் முன்னால் இறங்கி நின்றது. மறுக்கத் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டேன். குனிந்து என் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து உள்ளே வைத்தார். பெல்ட்டை இழுத்து மாட்டினார். மாட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. "ஐயோ, மன்னிச்சுக்கோங்க சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். முடிவெட்டுகிறவரைத் தவிர வேறு ஒரு மனிதக் கை என் மேல் பட்டுப் பல வருடமாகியிருந்தது. இருபது கிலோமீட்டரும் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இல்லத்தின் வரவேற்பு மேசையில் பார்வையாளர் பதிவேடு இருந்தது. கையெழுத்துப் போடப் பக்கத்தைப் புரட்டினேன். அவருடைய வீட்டுக்காரர் பெயருக்கு நேராக எல்லா நாளும் ஒரே கையெழுத்து. முன்னால் பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தேன், அங்கேயும் அதே கையெழுத்துதான்.

அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒரு காலத்தில் பெரிய ஆகிருதி என்பது தோள் எலும்பில் தெரிந்தது. மனைவி, "ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க. எடை போடற சார்" என்றதும் இடது கையைத் தூக்கி எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். பிறகு அதே கையால் என் வயிற்றைச் சுட்டி, விரல்களை விரித்து ஆட்டி, சைகையில் ஏதோ கேட்டார்.

"உங்க எடை என்னன்னு கேக்கறார்" என்றார் அந்த அம்மாள். "கிண்டல். அவருக்கு அது மட்டும் போகல."

எனக்கு என் எடை தெரியவில்லை. அதைச் சொன்னதும் அவருடைய பாதி முகம் சிரித்தது.

வெளியே அழைத்துப் போகலாமா என்று பணியில் இருந்த சிஸ்டரிடம் நான்தான் கேட்டேன். 'கூடாது' என்பார், அந்தச் சொல்லையாவது இந்த அம்மாளுக்குப் பதிலாக நான் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"தாராளமா" என்றார் சிஸ்டர். "கால் மணி நேரம் உக்காருவார். ஏத்தி இறக்க ரெண்டு பேர் வேணும், அவ்வளவுதான். எங்க ஆளுங்க வாசல் வரைக்கும்தான் வரலாம், வெளி வண்டியில ஏத்தக் கூடாதுன்னு விதி. நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களே, அப்புறம் என்ன?"

அந்த அம்மாள் சிஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். எட்டு மாதமாக வீட்டுக்காரருடைய உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் குறை இல்லை. கூடப் பிடிக்க இன்னொரு ஆள் இல்லை, அவ்வளவுதான் குறை. சிஸ்டர் சர்வசாதாரணமாக நீட்டிய வெளிப்பயணப் பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வரியில் இவர் 'மனைவி' என்று எழுதினார். இரண்டாவது வரியில் 'உறவு' என்ற கட்டத்துக்கு எதிரே என் பேனா கொஞ்ச நேரம் நின்றது. 'தம்பி' என்று எழுதினேன். அரசாங்கப் பேனாவால் நான் எழுதிய முதல் பொய். எழுதும்போது பொய் மாதிரியே இல்லை.

வாசலில் அந்த அம்மாள் இருக்கையைத் திருப்பி இறக்கினார். நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், அவர் கால்களைப் பிடித்தார். ஐம்பத்து நாலு கிலோ இருக்கும் என்று என் கை சொன்னது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதம் ஆகாத காரியம் ஒரு நிமிடத்தில் ஆகிவிட்டது.

"நீங்களும் ஏறுங்க சார், பின்னாடி" என்றார் அந்த அம்மாள்.

"ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் நாற்காலியைப் பாத்துக்கறேன்."

சக்கர நாற்காலியை யாரோ தூக்கிக்கொண்டு ஓடப்போகிற மாதிரி அதன் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி சத்தமில்லாமல் வளைவில் திரும்பி மறைந்தது. நல்ல வெயில். காவலாளி இரண்டு தடவை என்னைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தாலும் அதை லேசாக முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: பொறாமையாக இருந்தது. பேச்சும் இல்லாமல், பாதி உடம்பும் இல்லாமல், ஆனால் பக்கத்து இருக்கையில் ஓர் ஆளோடு போகிற அந்த மனிதர் மேல்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரருடைய கண் ஈரமாக இருந்தது. "கண்ணை மூடிக்கிட்டே வந்தார்" என்றார் அந்த அம்மாள். "முதல்ல பயந்துட்டேன். அப்புறம் பார்த்தா, ரோடு எப்படிப் போட்டிருக்காங்கன்னு பாக்கறார். குலுங்கறப்ப எல்லாம் கையை ஆட்டி, சரியில்ல சரியில்லங்கறார்."

படிவத்தை அங்கேயே, காரின் மேல் வைத்து எழுதினேன். 'பயனாளியை இருக்கையில் நேரில் பார்த்தேன்.' தேதி, கையெழுத்து, முத்திரை. சாதனத்தின் எடையைக் கழித்தது போகக் குறைந்த கட்டணம். ஓராண்டு செல்லும்.

திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மாள் பேசிக்கொண்டே வந்தார். அலுவலக வாசலில் இறக்கிவிட்டதும் ஜன்னலை இறக்கினார். "சார், அடுத்த வாரமும்..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "வேணாம், உங்களுக்கும் குடும்பம் இருக்கு. இன்னிக்கே நேரமாயிடுச்சு. வீட்டுல தேடுவாங்கல்ல?"

"ஆமா, தேடுவாங்க" என்றேன்.

வண்டி போன பிறகு பேருந்து பிடித்து, மூன்று மாடி ஏறி, பூட்டைத் திறந்தேன். காலையில் அவிழ்த்துப் போட்ட லுங்கி அதே இடத்தில் கிடந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கைபேசியைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். என் எண் அவரிடம் இருந்தது. அவருடைய எண் படிவத்தில் இருந்தது, எனக்கு மனப்பாடமும் ஆகிவிட்டது. ஒரு தடவை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் அணைத்தேன். வேலை விஷயமாக ஒரு தடவை பார்த்த ஆள் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் அந்த அம்மாள் என்ன நினைப்பார்? வேண்டுமென்றால் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால், வேறு யாரோ கூடப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? இப்படி நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மாதங்கள் போயின. மழை வந்தது, மேடைக்குப் புது வண்ணம் அடித்தார்கள். சாம்பல் நிறக் கார் எது வந்தாலும் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

போன வாரம் வந்தது. அதே கார். அவர் இறங்கி நின்றார், கொஞ்சம் இளைத்திருந்தார். நான் எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே முன் இருக்கையைப் பார்த்துவிட்டேன். சாதாரண இருக்கை. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"குறைஞ்ச கட்டணம்தான்" என்றேன்.

"விக்கப் போறேன் சார். வாங்கறவர் எடைச் சீட்டு கேட்டார்." ஜன்னல் ஓட்டைக்குப் பக்கத்தில் வந்தார். "அவர் போய் மூணு மாசமாச்சு. தூக்கத்துலயே போயிட்டார். கஷ்டப்படல."

கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். "அப்புறம் எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டேன். நிறையப் போனோம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"எங்க போறது? அன்னிக்கு நீங்க வந்தப்ப போனதுதான். நான் போறப்ப எல்லாம் வாசல் பக்கம் கையைக் காட்டுவார். ரெண்டு பேர் வேணும்னு சிஸ்டர் சொன்னாங்களே, ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா."

"போன் எடுப்பேன், வச்சுடுவேன். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் மனுஷன் பொண்டாட்டி பிள்ளைங்களோட இருப்பார், அதையும் கெடுக்கணுமான்னு விட்டுட்டேன்."

பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அச்சாகி வந்த எடைச் சீட்டு கூண்டுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கிழித்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

"எனக்கு யாரும் இல்லம்மா" என்றேன். "அன்னிக்கு நான் சும்மா சொன்னேன். ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல தனியா உக்காந்திருப்பேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்குப் போடுகிற மாதிரி அவருடைய உதடுகள் லேசாக அசைந்தன. நானும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருந்த ஒன்பது மாதம். முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவர் வெளியில வந்திருப்பாரே சார்" என்றார்.